டாங்கோவில் அவள் ஏன் போனாள்?

"அர்ஜென்டினாக்காரனும் நம்ம ஆளுதாம்வே!"

பேட்டையிலிருந்து பாளையங்கோட்டை போகும் பஸ்ஸில், கண்ணாடி போட்ட பெரியவர் பக்கத்தில் இருந்த நண்பரிடம் சொன்னார். பெரியவரின் செல்போனில் அர்ஜென்டினாவின் டாங்கோ பாட்டு ஒன்று, கீழே ஆங்கில அர்த்தத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. அவர் மனைவி முன் சீட்டில் இருந்தார்.

"எப்படிவே சொல்லுதீரு?"

"எல்லாப் பாட்டும் பழைய பெருமைதான். அந்தக் காலத்துல ராசா மாதிரி இருந்தேன், இப்போ தெருவிளக்கும் இல்ல, கூட்டாளியும் இல்ல, அவளும் விட்டுட்டுப் போயிட்டா. அவ்வளவுதான் பாட்டு."

"ஆத்தங்கரை வயலெல்லாம் எங்களுதுன்னு நீரு சொல்லுத மாதிரில்லா இருக்கு! சரி, அவ ஏன் போனாளாம்?"

"அதை மட்டும் சொல்லமாட்டான்."

முன் சீட்டு அம்மாள் திரும்பினார். "காலையில இருந்து இந்த அழுகையைத்தான் கேக்கேன். வண்ணார்பேட்டை வந்துட்டு. நான் அண்ணன் வீட்டுக்குப் போறேன், நீங்க பாட்டுக் கேட்டுக்கிட்டு இருங்க."

சொன்னபடி இறங்கியும்விட்டார்.

கண்ணாடிக்காரர் பாட்டை அணைத்தார். "ஏட்டி, நில்லு, நானும் வாரேன்!" பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்து, பின்னாலேயே ஓடினார்.

நண்பர் ஜன்னல் வழியே பார்த்துச் சிரித்தார். "அர்ஜென்டினாக்காரனும் இவரை மாதிரி அவ பின்னால ஓடியிருந்தா, அந்த ஊர்ல பாட்டே இருந்திருக்காது."