சோலை மனுசன் ஏன் அகப்படுவதில்லை

மலையில் உப்பு வியாபாரம் செய்வது சிரமம், ஐயா. பழனியில் மூட்டையை ஏற்றும்போது உலர்ந்து பொலபொலவென்று இருக்கும். கொடைக்கானல் வந்து சேர்ந்ததும் மஞ்சு, அதுதான் மூடுபனி, பட்டுச் சாக்கு கசியத் தொடங்கிவிடும். அப்படியிருந்தும், பஜாரில் இந்த இப்ராம்சா ராவுத்தரின் கடையில் எடை குறைந்தது என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

நீங்கள் கேட்டது சோலை மனுசனைப் பற்றி. அதற்கே வருகிறேன்.

ஐம்பத்திரண்டாம் வருடம் என்று நினைவு. இமயமலையில் பனிமனிதன் நடந்த தடம் என்று பத்திரிகைகளில் படம் வந்து, ஊரெல்லாம் அதே பேச்சாக இருந்தது. எங்கள் மலையிலும் அப்படி ஒன்று உண்டென்று வெகுநாளாகவே ஒரு பேச்சு உண்டு. கறுப்பாக, உடம்பெல்லாம் மயிராக, மனிதனைப் போல நிமிர்ந்து நடக்குமாம். வட்டக்கானல் பக்கத்துச் சோலைக்காட்டில் விறகு பொறுக்கப் போனவர்கள் கண்டதாகச் சொல்வார்கள். என் கடைவாசல் பெஞ்சில் சாயங்காலம் உட்கார்கிறவர்கள் இருவர். ஒருவர், ரேஞ்சராக இருந்து ஓய்வு பெற்ற பழனிமுத்து. மற்றவர், பள்ளிக்கூடத்தில் விலங்கியல் சொல்லிக்கொடுத்த வாத்தியார். இந்த விஷயத்தில் இருவருக்கும் ஒத்தே போகாது.

“இருந்தா எங்கிட்ட மாட்டாமப் போயிருக்குமா? முப்பது வருசம் இந்தக் காட்டுல நடந்திருக்கேன். ஒரு சாணி, ஒரு மயிரு, ஒரு எலும்பு கெடைக்கணுமில்ல?” என்பார் பழனிமுத்து.

“ரேஞ்சர் சார், சிறுத்தை எத்தனை பார்த்திருக்கீங்க?”

“கணக்கே இல்ல.”

“தானாச் செத்த சிறுத்தை?”

ரேஞ்சர் யோசிப்பார். ஒன்றுகூடப் பார்த்ததில்லை. வாத்தியார் உற்சாகமாகிவிடுவார். சோலை மண் புளித்த மண், எலும்பையே தின்றுவிடும் என்பார். பன்றி புரட்டும், மழை இழுக்கும், ஒரு பருவத்துச் சருகு விழுந்தால் தடமே இருக்காது. தேடுகிறவனோ பூட்ஸ் சத்தத்தோடும் சிகரெட் வாசனையோடும் வருகிறான். அது அவனுக்கு முன்பே ஒதுங்கிக்கொள்ளும். “இல்லாததுனால கெடைக்கலன்னு இல்ல சார். கெடைக்காம இருக்கறதுக்குத் தோதான காடு இது” என்று முடிப்பார். நான் தேநீர் ஆற்றிக் கொடுத்துக்கொண்டே கேட்டிருப்பேன். எனக்குப் படிப்பு குறைவு. காதில் விழுந்ததை மறக்க மாட்டேன், அவ்வளவுதான்.

ஒய்யம்மாளைச் சொல்ல வேண்டும். கீழ்ச்சரிவில் இருந்த பளியர் குடியைச் சேர்ந்தவள். தேனும் கல்பாசியும் கொண்டுவந்து என் கடையில்தான் போடுவாள். அவள் கணவன் மாயன் மரத்தில் ஏறித் தேனெடுப்பான். இவள் சுமந்து வருவாள். பிள்ளைகள் இல்லை. ஒருவரைவிட்டு ஒருவர் இருந்து நான் பார்த்ததில்லை. அந்த ஒரு நாள் மட்டும் தேனைச் சுமந்துகொண்டு தனியாக வந்துகொண்டிருந்தாள்.

செண்பகனூரைத் தாண்டி ஒரு வளைவு. உச்சிப்பொழுதிலேயே மஞ்சு இறங்கிவிட்டது. யுத்தம் முடிந்து ஏலத்தில் எடுத்த பழைய ஜீப் என்னுடையது. பிரேக் சரியில்லை என்பது எனக்குத் தெரியும், சரிசெய்யத்தான் கொண்டுபோய்க்கொண்டிருந்தேன். சத்தம் கேட்ட பிறகுதான் அவளைப் பார்த்தேன். முன்விளக்கு உடைந்திருந்தது. தேன் சாலையெல்லாம் ஓடியது.

உயிர் இருந்தது, ஐயா. இதை யாரிடமும் சொன்னதில்லை. “ராவுத்தரே” என்று என்னை அடையாளம் கண்டு கூப்பிட்டாள். தண்ணீர் கேட்டாள், கொடுத்தேன். தலையை என் மடியில் வைத்துக் கொடுத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரி அப்படியொன்றும் தூரமில்லை. ஆனால் என் மகள் ஜாஹிதாவுக்குப் பழனியில் நல்ல இடத்தில் நிக்காஹ் பேசி, அந்த வாரம்தான் மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. என்னிடம் லைசென்ஸ் கிடையாது. போலீஸ், கோர்ட் என்றால் அந்தச் சம்பந்தம் நிலைக்காது. ஒரு தகப்பனாக யோசித்துப் பாருங்கள். யோசித்தபடி நானும் உட்கார்ந்திருந்தேன். யோசித்து முடிப்பதற்குள் அவள் மூச்சு நின்றுவிட்டது. நான் ஒன்றும் செய்யவில்லை என்பதுதான் உண்மை.

பிறகு கீழே ஓடைப்பள்ளத்துக்கு இறக்கினேன். ஜீப்பில் மண்வெட்டி இருந்தது. வாத்தியார் சொன்ன மண்தான். கறுப்பாக, மெத்தென்று, தோண்டச் சுலபமாக இருந்தது. மேலே கற்களை அடுக்கிச் சருகைத் தள்ளினேன்.

மாயன் மறுநாள் வெள்ளனே கடைக்கு வந்துவிட்டான். “எம் பொண்டாட்டி வந்துச்சுங்களா, ராவுத்தரே? வீடு திரும்பல.” அவன் முகத்தைப் பார்த்ததும் சொல்லிவிடத்தான் வாயெடுத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன். அதற்குள், அன்று காலையிலேயே பெஞ்சுக்கு வந்திருந்த வாத்தியார், “சோலை மனுசன் கொண்டுபோயிருக்குமோ?” என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். மாயன் சட்டென்று என் பக்கம் திரும்பினான். அவன் நம்புகிற ஆள் நான். “நானும் நேத்து ஓடைப் பக்கம் ஒரு பெரிய காலடியப் பாத்தேன்” என்றேன். நான் சொன்ன பொய் அந்த ஒன்றுதான். மற்றதெல்லாம் ஊர் சேர்த்துக்கொண்டது.

அன்றோடு மாயன் குடிசைக்குப் போகவில்லை. அதைக் கொல்லாமல் முடி வெட்டமாட்டேன் என்று சபதம் எடுத்துக்கொண்டான். சோலை சோலையாக அலைந்தான். எப்போதாவது கடைக்கு வருவான். அரிசியும் கருப்பட்டியும் கொடுப்பேன், காசு வாங்கமாட்டேன். குளிரில் சாகாமல் இருக்கட்டுமென்று கருங்கம்பளி கொடுத்தேன், கிழிந்தபோது வேறொன்றும் கொடுத்தேன். “ஒங்களாலதான் இன்னும் உசுரோட கெடக்கேன்” என்பான். அவன் போன பிறகு கொஞ்சநேரம் என்னால் கல்லாவில் உட்கார முடியாது. தொழும்போது நெற்றி தரையில் பட்டால் அந்த ஓடையின் ஈரம் தெரியும். அதனால் கனமான விரிப்பு வாங்கிப் போட்டுக்கொண்டேன். “ஏங்க, பாய் இருக்க இது எதுக்கு?” என்று என் மனைவி ரஹ்மத் பீவி கேட்டாள். குளிர் என்றேன்.

அதற்குப் பிறகுதான் சோலை மனுசனைப் பார்த்தவர்கள் பெருகினார்கள். சீசனுக்கு வந்த குடும்பங்கள் பார்த்தன. பஸ்ஸிலிருந்தும் பார்த்தார்கள். கறுப்பாக, சடைமுடியோடு, நிமிர்ந்து நடந்து, ஆளைக் கண்டதும் மரத்துக்குள் மறைந்ததாம். வெளியூரிலிருந்து கேமராவோடு ஆட்கள் வந்து தேடினார்கள். மனித வாசனையே ஆகாமல் போயிருந்த மாயன், அவர்கள் வருவது கேட்டதும் ஒதுங்கிக்கொள்வான். அவனே தேடுகிறவன், தேடப்படுகிறவனும் அவனே. இது எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். பெஞ்சில் விவாதம் நடக்கும்போது நான் உள்ளே போய்விடுவேன்.

இப்படியே எட்டு வருடம் போனது. ஜாஹிதாவுக்குக் குழந்தைகள் பிறந்தன.

போன ஐப்பசி மழையில் ஓடைக்கரை சரிந்தது. மழை விட்ட அன்று மாயன் கடையின் பின்வாசலில் வந்து நின்றான். அழவில்லை. கையில் ஒய்யம்மாளின் பாசிமணியும் வரிவரியான ஒரு கண்ணாடித் துண்டும் இருந்தன.

“புலி கொன்னாப் போட்டது போட்டபடி கெடக்கும், ராவுத்தரே. கரடி கொன்னாலும் கெடக்கும். இது தோண்டி மூடி, மேல கல்லு அடுக்கிருக்கு. இத்தன வருசம் எதையோ தேடிட்டேன். இது மனுசன் சோலி. இது வண்டிக் கண்ணாடிங்க.”

“யாருகிட்டயும் சொன்னியா?”

“ஒங்ககிட்டதான் வாரேன். எனக்கு வேற யாரு இருக்கா?”

பாருங்கள், அவன் என்னைச் சந்தேகப்படவேயில்லை. பட்டிருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டம் இருந்திருக்காது. ஆனால் பஜாரில் ஒரே ஒரு மெக்கானிக்தான், எந்த வருடம் யாருடைய ஜீப்புக்கு விளக்கு மாற்றினான் என்று யாராவது கேட்டால், நினைத்துச் சொல்ல அந்த மெக்கானிக்குக்கு ஒரு பீடி நேரம் போதும்.

“நீ அந்தப் பள்ளத்துலயே இரு, மாயா. எலும்ப யாரும் கலைச்சிடாம காவல் இரு. நாளைக்குச் சாயங்காலம் நான் போலீசோட வாரேன்” என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனான். பசிக்குமென்று பன் கொடுத்தனுப்பினேன்.

தாண்டிக்குடியில் காப்பித்தோட்டம் வைத்திருக்கிற சேனாதிபதியைத்தான் நீங்கள் உள்ளே வைத்திருக்கிறீர்கள். வேட்டைக்காரர். சோலை மனுசனைச் சுட்டுக் கொண்டுவந்து ஊர் வாயை மூடவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. எங்கே கிடைக்குமென்று என்னிடம் பலமுறை கேட்டிருக்கிறார். இந்த முறை சொன்னேன். ஓடைப்பள்ளம், மாலை, கறுப்பாக உட்கார்ந்திருக்கும் என்றேன். “பக்கத்துல போயிடாதீங்க. கிட்ட போனவங்களுக்குத்தான் அது அகப்படறதில்ல” என்றும் சொன்னேன்.

நான் மேலே சாலையில் ஜீப்பில் இருந்தேன். ஒரே ஒரு வெடிச் சத்தம். வெகுநேரம் கழித்து அவர் மேலேறி வந்தார். துப்பாக்கி கையில் இல்லை.

“ராவுத்தரே, அது மனுசன். கம்பளி போத்தியிருக்கான்.”

நான் அவரைத் தேற்றினேன். கேட்பதற்கு ஆளில்லாதவன், இருவருமாக மூடிவிடலாம் என்றேன். மூடினோம். ஒய்யம்மாளுக்குப் பக்கத்திலேயே வைத்தோம். அதுவே அவனுக்குப் பெரிய நிம்மதி என்று அப்போது நினைத்தேன். சேனாதிபதியால்தான் தாங்கமுடியவில்லை. குடித்தார், புலம்பினார், கடைசியில் இங்கே வந்து ஒப்புக்கொண்டார். நல்ல மனிதர். அவரை விட்டுவிடுங்கள்.

அவர் உங்களிடம் சொன்னது பொய்யல்ல. “எந்திரிச்சு நின்னு ரெண்டு கையையும் தலைக்குமேல தூக்குச்சு, பாய வருதுன்னு சுட்டுட்டேன்” என்றுதானே எழுதிக் கொடுத்திருக்கிறார்? என்னிடமும் அதையேதான் சொன்னார். கைகளைத் தூக்கியது நிஜம். ஆனால் அது பாய்வதற்காக இல்லை, ஐயா. மாயன் அதிகாரிகளைக் கண்டால் தலைக்குமேல் கைகூப்பித்தான் நிற்பான். தன் பெண்டாட்டிக்கு நியாயம் கேட்கப் போலீஸ் வந்துவிட்டது என்று எண்ணிக் கும்பிட்டிருக்கிறான்.

சேனாதிபதி வழக்கமாக வேட்டைக்குப் பச்சைக் கோட்டு போடுகிறவர். ஆளைக் கண்டதும் மாயன் ஓடிவிடக் கூடாதே என்று, என் கடையிலிருந்து காக்கிச் சட்டையும் தொப்பியும் எடுத்துக் கொடுத்துப் போட்டுக்கொள்ளச் சொன்னவன் நான்தான்.