பதிவு 42, வருகை 42

கீதாஞ்சலி: ...டிக்கெட்டா? நாம படிச்ச ஸ்கூல மியூசியம் ஆக்கிட்டு, நமக்கே டிக்கெட்டா? இன்னாடா அநியாயம் இது!

அரிகரன்: செருப்ப வேற வெளிய வுடணுமாம்.

கீதாஞ்சலி: படிக்கும்போது செருப்பே இல்லாம தான் வந்தோம். இப்ப வாங்கி மாட்டிகினு வந்தா, கழட்டுன்றான்!

அரிகரன்: கத்தாதடி. உள்ள இண்டர்வியூ வெக்கறவங்க காதுல வுழப் போவுது.

கீதாஞ்சலி: வுழட்டுமே! இண்டர்வியூவாம். மியூசியத்துல வாத்தியார் வேஷம் கட்டறதுக்கு பி.எட்.டு எதுக்குடா?

அரிகரன்: வேஷம் இல்ல. "வகுப்பறை அனுபவம்"னு போட்டுருக்கான். டூரிஸ்டு பெஞ்சில உக்காருவான், நாம பாடம் எடுக்கணும்.

கீதாஞ்சலி: ஆமா... வெள்ளக்காரன் சிலேட்டுல அ, ஆ எழுதுவான். பெங்களூரு ஃபேமிலி முட்டி போட்டுகினு செல்ஃபி எடுக்கும். நீ வேட்டிய கட்டிகினு, தெர்மாகோல் பிரம்ப ஆட்டிகினு நிப்ப. த்தூ!

அரிகரன்: இது கெடைக்கலன்னா திங்கக்கெழமலேருந்து திருபுவனை கம்பெனி தான். அப்பா பேசி வெச்சிட்டாரு. நாள் பூரா பாட்டிலுக்கு மூடி போடணும்.

கீதாஞ்சலி: போடேன்! அதாச்சும் நெஜ மூடி.

அரிகரன்: ஒனக்கு எல்லாம் வெளாட்டு... ஏய், இங்க வா. இந்த போர்ட படி. "பிரெஞ்சுக்காரர் காலத்து மணி."

கீதாஞ்சலி: எது... இந்த தண்டவாளத் துண்டா? நாம நாலாவது படிக்கும்போது ஹெச்.எம். சைக்கிள்ல கட்டியாந்தாரே, ஏம்பலம் பழைய இரும்புக் கடையிலேருந்து!

அரிகரன்: பிரெஞ்சுக்காரன் அப்ப ஏம்பலத்துல இரும்புக் கட வெச்சிருந்தான் போல.

கீதாஞ்சலி: அய்யோ... அந்த கண்ணாடிப் பொட்டிய பாரு. "பழங்காலக் குவளை"யாம்! காலையில ஸ்கூல்ல நமக்கு பால் ஊத்துவாங்களே, அந்த டம்ளருடா! அப்ப நாமளும் பழங்காலமா?

அரிகரன்: நீ கொஞ்சம் பழசு தான்.

கீதாஞ்சலி: ஒதப்பேன். கிளாஸ் ரூம பாரு... "பதிவு 42, வருகை 42." நாப்பத்திரண்டா! நம்ம கிளாஸே பதினோரு பேரு. கரும்பு வெட்டு வந்தா நாலு பேரு.

அரிகரன்: இதுங்க பிளாஸ்டர் புள்ளைங்களாச்சே... லீவே போடாது.

கீதாஞ்சலி: எண்ணெ வெச்சி படிய சீவி, பவுடர் அடிச்சி... ஒண்ணுக்காவது மூக்கு ஒழுவுதா பாரு!

அரிகரன்: புள்ளைங்க வரலன்னு இழுத்து மூடுனானுங்க. இப்ப பொம்மைய வாங்கி உக்கார வெச்சிட்டானுங்க.

கீதாஞ்சலி: பொம்ம எதுத்து கேள்வி கேக்காது. சரி, பாத்தாச்சி இல்ல? வா, போலாம்.

அரிகரன்: பதினோரு மணிக்குடி எனக்கு. இன்னும் கால் மணி நேரம் இருக்கு.

கீதாஞ்சலி: அரி... சொன்னா கேளு. வாத்தியார் வேலைக்கான டெட் பரீட்ச பாஸ் பண்ணவன் நீ. பொம்மைக்கு பாடம் எடுக்கறான்னு ஊரே சிரிக்கும்.

அரிகரன்: சிரிக்கட்டும். நீ ஏன் இப்டி வேர்த்து ஊத்தற?

கீதாஞ்சலி: வெயிலு.

அரிகரன்: ஃபேனுக்கு கீழ நின்னுகினு...?

கீதாஞ்சலி: இப்ப பைக்க எடுக்கறியா இல்லியா? டேய்... அந்த ஆபிஸ் ரூம் பக்கம் எதுக்கு போற?

அரிகரன்: ஏன், அங்க இன்னா?

கீதாஞ்சலி: ஒண்ணும் இல்ல... பெயிண்ட் நாத்தம். கொமட்டும்.

அரிகரன்: உள்ள போவாமலே ஒனக்கு நாத்தம் தெரியுது. கீதா... சின்னதுல டீச்சர் வெளாட்டு வெளாடுவோமே, அதுல ஒரு நாளாவது என்னைய டீச்சரா இருக்க வுட்டியா நீ?

கீதாஞ்சலி: ஒனக்கு மெரட்டவே வராதுடா. அதான்...

பலராமன் (வாட்ச்மேன்): யாருப்பா அது, ஆபிஸ் பக்கம்லாம் போவக் கூடாது... அட, நீயாம்மா! நேத்து ஆர்டர வாங்கிகினு, எங்க காப்பில கையெழுத்து போடாமலே போய்ட்டியே. மேடம் தேடுச்சி. திங்கக்கெழம எட்டரைக்கெல்லாம் வந்துடணுமாம். டீச்சர் பொடவ அவங்களே குடுப்பாங்களாம்.

அரிகரன்: ஆர்டரா?

கீதாஞ்சலி: அரி... ஒரே ஒரு போஸ்ட்டு தான்டா. நேத்தே எனக்குன்னு சொல்லிட்டாங்க. ஒன்கிட்ட சொல்ல வாய் வரல... நீ உள்ள போய் அசிங்கப்படக் கூடாதுன்னு தான் இழுத்துகினு ஓடப் பாத்தேன். சரி... நான் வேணாம்னு எழுதிக் குடுத்துடறேன். நீ போ, இண்டர்வியூ பண்ணு. சத்தியமா சொல்றேன், போடா!

அரிகரன்: அதெல்லாம் எழுதாத. எனக்கு முந்தாநாளே இண்டர்வியூ முடிஞ்சி போச்சி, கீதா. பாக்க வாத்தியார் மாரி இல்லன்னுட்டாங்க... சர்டிபிகேட்ட திருப்பி வாங்கிகினு போலாம்னு தான் வந்தேன்.