நாலு மணிக்குச் சாத்திய ஜன்னல்

பச்சைத் தேயிலை விலை விழுந்து, ஃபேக்டரிகள் மூடிக்கொண்டிருந்த காலம். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள்.

“வெயில் கொதிக்கிற ஊர்ல நாலு மணிக்கே ஜன்னலச் சாத்திக்கறா எம்பொண்ணு” என்றாள் மூத்தவள்.

“எந்த ஊருங்க்கா?”

“மாலத்தீவு. இங்கிலீஷ் டீச்சராப் போயி ஒரு மாசமாச்சு.”

“அங்கென்ன பனி ஊட்டுக்குள்ள வந்துருமா?”

“நம்மூருப் பழக்கம் அம்மிணி. மீன் கொழம்போட வந்த பக்கத்து ஊட்டம்மா, ஜன்னல் சாத்தியிருக்கவும், டீச்சருக்கு நம்மளப் புடிக்கலைன்னு திரும்பிப் போயிருச்சாம். அப்புறம் ஒருத்தரும் எட்டிப் பாக்கல. வந்தர்றேம்மான்னு போன்ல ஒரே அழுகை.”

“வரச் சொல்லிட்டீங்களா?”

“வந்து? எங்கூட எலை பறிக்கவா? எனக்கே வாரத்துல மூணு நாளுதான் வேலை. ஜன்னலத் தொறந்து வெச்சு டீயப் போடு கண்ணுன்னேன். இப்ப ஊடு நெறைய ஆளாம். தூளு தீந்துபோச்சாம்!” மடியிலிருந்த பார்சலைத் தட்டிச் சிரித்தாள்.

என் மகளும் வெளிநாட்டில் பாடம் நடத்தப் போனவள்தான். முதல் வாரம் அழுதாள். உடனே கிளம்பி வா என்றேன். வந்துவிட்டாள். அதைப் பாசம் என்றே இத்தனை வருடம் சொல்லிவந்தேன். தனியாக இருக்க எனக்குத்தான் பயம்.

மலை இறங்க இறங்க, பர்லியாரில் புழுக்கம் தொடங்கியது. மூத்தவள் பஸ் ஜன்னலை ஏற்றித் திறந்தாள்.

“பின்னாடி பெரியவருக்குக் காத்து ஆகுமோ என்னமோ” என்றாள் மற்றவள், என்னைத் திரும்பிப் பார்த்து.

“எறங்கி வந்துட்டாருல்ல, இனி ஆகும்.”