நனையாத பேப்பர்

மயிலிட்டியில் பஸ் ஏறி எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்த இருவரின் உள்ளங்கைகளிலும் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. தோணியோட்டப் போட்டிக்குப் பழகுகிறவர்கள். மூத்தவர் முந்தாநாள் எதிராளிகளை உளவு பார்க்கப் போய், வாய் பிளந்து திரும்பியிருந்தார்.

“அவையின்ரை தோணியிலை பின்னுக்கு ஒருத்தன் பேப்பர் விரிச்சுக்கொண்டு இருக்கிறான்ரா.”

“பழகேக்கையோ? என்னண்ணை, பகிடியோ?”

“பகிடியில்லை. முன்னுக்கிருக்கிறவன் துடுப்பைத் தூக்கேக்கை ஒரு சொட்டுத் தெறிச்சாலும் பேப்பர் காட்டிக் குடுத்திடும். உடனை திரும்ப முதலிலையிருந்து வலிப்பினம். கரைக்கு வந்தாப்போலை அந்தப் பேப்பரை வாங்கித் தொட்டுப் பாத்தன். இப்பதான் கடையிலை வாங்கினது மாதிரிக் கிடக்கு.”

“எங்கடை தோணியிலையும் பிடிச்சுப் பாப்பமே?”

“நேற்று நீ வலிக்கேக்கை பின்னுக்கிருந்து பிடிச்சனான். முதல் பக்கம் வாசிக்க முன்னமே கூழாப் போச்சு.”

இளையவர் உள்ளங்கைப் பிளாஸ்டரை உரிக்கத் தொடங்கினார்.

“அப்ப ஞாயிற்றுக்கிழமைப் போட்டியிலை எங்கடை பேரை வெட்டச் சொல்லுவமோ அண்ணை?”

“உனக்கென்ன விசரே? அவை வலிக்கிற வடிவு கரையிலை நிக்கிற சனத்துக்கு என்ன தெரியும்? பக்கத்துத் தோணியிலை இருந்தால், எங்களைத் தாண்டிப் போகுமட்டும் கிட்டவே பாக்கலாம்.”