பெல் அடிக்க வேண்டாம்

காப்பிக்கு நன்றி, சார். சர்க்கரை கொஞ்சம் தூக்கல், பரவாயில்லை.

நான் மளிகை டெலிவரி கம்பெனியில் வேலை பார்க்கிறேன். புதுச்சேரியில் யார் வீட்டில் என்ன வாங்குகிறார்கள் என்பதெல்லாம் எங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும். போலீஸ் விவரம் கேட்டால் எடுத்துக் கொடுப்பது என் பொறுப்பு. சீல் வைத்த காகிதத்துக்கு முன்னால் என்னைப் போன்றவன் என்ன செய்துவிட முடியும், சொல்லுங்கள்.

மூலக்குளத்து வாடிக்கையாளர் கார்குழலி ஒருநாள் போன் செய்தாள். "அண்ணா, என் அக்கவுண்ட்ட அழிச்சிடுங்க. எங்க வீட்டுக்காரரு போலீஸு. அடி தாங்க முடியல, கெளம்பிட்டேன். வந்து கேட்டா ஒண்ணும் இல்லன்னு சொல்லிடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

சரிம்மா என்றேன். பாவமாகத்தான் இருந்தது. அழித்தேன், அவள் கண்ணுக்கு மட்டும். எங்களிடம் எதுவும் அழியாது.

கொஞ்ச நாளில் அவள் கணவர், எஸ்.ஐ. விஜயராகவன், ஸ்டேஷன் கடிதத்தோடு வந்தார். காணாமல் போனவர் பற்றிய விசாரணை. அவள் பெயரிலோ நம்பரிலோ புது ஆர்டர் உண்டா என்று கேட்டிருந்தது. தேடினேன். இல்லை.

"நல்லாப் பாருப்பா. கேக்கறது கவர்மெண்ட்டு" என்றார். மறுபடி தேட உட்கார்ந்தேன், சார்.

கார்குழலி ஒவ்வொரு ஆர்டரிலும் ஒரு குறிப்பு எழுதுவாள். "பெல் அடிக்காதீங்க. கேட்ல மஞ்சப்பை தொங்குது, அதுல போடுங்க." நைட் டூட்டி முடித்துத் தூங்குகிற மனிதர் விழித்துக்கொண்டால் அவளுக்குத்தான் அடி. ஓடிப்போய், பெயரை மாற்றி, நம்பரை மாற்றியவள் அந்தப் பயத்தை மாற்றிக்கொள்ளவில்லை போலிருக்கிறது. அந்த வரியைப் போட்டுத் தேடினேன். எழுத்துப் பிசகாமல் நோணாங்குப்பத்து ஆர்டர் ஒன்றில் வந்தது, வேறு பெயரில். முகவரியைப் படித்துக் காட்டினேன். அவர் என் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை அங்கே ரொட்டியும் பாலும் கொண்டுபோனது எங்கள் டெலிவரிப் பெண் மேனகா. உள்ளே ஏதோ சத்தம் கேட்டதாம். பெல் அடிக்காமல் பையில் போட்டுவிட்டு வந்துவிட்டாள். இப்போது அழுகிறாள். அவள்மேல் தப்பே இல்லை, எழுதியிருந்ததைத்தானே செய்தாள். சாயங்காலம் கார்குழலியைப் பிணமாகத்தான் எடுத்தார்கள்.

கடிதத்தில் அந்த வரியைத் தேடச் சொல்லியிருந்ததா என்று கேட்கிறீர்கள். இல்லை. பெயரும் நம்பரும்தான். இல்லை என்று சொல்லி அனுப்பியிருக்கலாம்தான். ஆனால் எனக்கு எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லை, சார்.