அடிக்கத் தெரியாத கம்ப்யூட்டர்

“அந்தக் கம்ப்யூட்டருக்கு அடிக்கவே தெரியாதுக்கா.”

கூலிம் ஊருக்குப் போகும் பஸ்ஸில் முன் சீட்டுப் பெண் பக்கத்திலிருந்தவரிடம் இப்படிச் சொன்னதும், பிரம்பை நம்பிப் பிழைக்கும் வாத்தியாரான எனக்கு வேலையே போய்விட்ட மாதிரி இருந்தது.

“அப்புறம் உன் மக எப்படி வாசிக்கப் பழகுவா?”

“தப்பா அமுக்கினா திரும்பவும் அதே சொல்லைக் காட்டும். அதுக்குக் கோவமே வராது. அவ தப்புத் தப்பா அமுக்கினதுல எனக்குத்தான் வெட்கமாப் போச்சு. வாசிக்கச் சொல்லித்தர்ற கான்வென்ட் சிஸ்டர் அந்தப் பக்கம் போனதும் அவளுக்குப் பதிலா நானே சரியானதை அமுக்கிட்டேன்.”

“நல்லதுதானே லா.”

“எங்க நல்லது? இவளுக்கு எல்லாம் தெரியும்னு கம்ப்யூட்டர் நெனச்சு, பெரிய பெரிய சொல்லாக் கொடுத்துருச்சு. புள்ள அழுதுட்டா.”

“சிஸ்டர் திட்டலையா?”

“என்னை வெளியே உட்கார வச்சிட்டாங்க. நேத்து உள்ளேயிருந்து சத்தம் கேட்டுச்சு. மெதுவா, அவளே வாசிக்கிறா.”

“எட்டிப் பாத்தியா?”

“இல்லக்கா. என்னைப் பாத்தா நிறுத்திருவா.”