பஞ்சாட்சரம் வீட்டு லைன்

உங்கள் ஸ்டேஷனில் வைஃபை பெட்டியை இரும்பு பீரோவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறார்கள், மேடம். அது தப்பு. இரும்பு சிக்னலை விழுங்கிவிடும். எவனோ தொழில் தெரியாதவன் வந்து மாட்டியிருக்கிறான். ஜன்னல் பக்கம் நகர்த்தி வைத்தால் அந்த ரைட்டர் தம்பி இப்படிக் கம்ப்யூட்டர் முன்னால் தலையைச் சொறிந்துகொண்டு உட்கார வேண்டியதில்லை. கண்ணில் பட்டது, சொன்னேன். இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

என் பெயர் குமாரவேல். பிள்ளையார்பாளையத்தில் எங்களைச் சுற்றியுள்ள தெருக்களுக்கு இன்டர்நெட் லைன் கொடுப்பவன். அதற்கு முன்னால் கேபிள் டிவி வைத்திருந்தேன். அந்தக் காலத்தில் ஒரு வீட்டில் சீரியல் பார்க்கிறார்களா கிரிக்கெட் பார்க்கிறார்களா என்பது வாசலில் நின்றாலே கேட்கும். இன்டர்நெட் வந்த பிறகு எல்லோரும் காதில் ஒயரை மாட்டிக்கொண்டார்கள். தெருவில் ஒரு மயான அமைதி. அது எனக்குப் பிடிக்கவில்லை.

வாடிக்கையாளர்களுக்கு ஒரு நினைப்பு உண்டு. போனில் தடம் தங்காத ரகசிய ஜன்னல் என்று கறுப்பாக ஒன்று திறக்கும். தொப்பியும் கண்ணாடியும் போட்ட ஒரு படம் வரும். அதைத் திறந்துவிட்டால் ஆண்டவனுக்கே தெரியாது என்று நம்புகிறார்கள். அது பெண்டாட்டிக்குத் தெரியாது, அவ்வளவுதான். லைன் கொடுத்தவனுக்குத் தெரியும். உள்ளே என்ன பார்த்தார்கள் என்று தெரியாது. எந்த வெப்சைட் வாசலில் நுழைந்தார்கள் என்று தெரியும். இதெல்லாம் நான் தேடிப் போய்ப் பார்த்ததில்லை. தானாகக் கண்ணில் பட்டது. தானாகக் கண்ணில் படுவதற்கு ஒரு சாஃப்ட்வேர் வாங்கிப் போட வேண்டியிருந்தது, போட்டேன்.

என்ன சொல்ல, எங்கள் தெரு பக்தியான தெரு. கந்த சஷ்டி வந்தால் அந்த மாதிரிப் படங்கள் பக்கமே ஒருவரும் போக மாட்டார்கள். சூரசம்ஹாரம் முடிந்து, திருக்கல்யாணமும் முடிந்த மறுநாள் லைன் மூச்சுத் திணறும். "இன்னாண்ணே, நெட்டு இப்படி ஸ்லோவா இருக்குது" என்று என்னிடமே வந்து கேட்பார்கள். ஏன் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கு நாகரிகம் உண்டு.

நான் யாரையும் மிரட்டியதில்லை. ஒரு ரூபாய் கை நீட்டி வாங்கியதில்லை. எதிர்த்தெரு பிரேம்நாத்துக்குப் பெண் கொடுக்க நினைத்தவர்கள் வந்து, "பையன் எப்படிங்க?" என்று விசாரித்தார்கள். கல்யாணம் என்றால் அக்கம்பக்கத்தில் விசாரிப்பது எல்லா ஊரிலும் உள்ளதுதான். "தங்கமான பையன்" என்றேன். சொல்லிவிட்டுக் கூரையைப் பார்த்தேன். நான் செய்தது அவ்வளவுதான். கூரையைப் பார்ப்பது எந்தச் சட்டப் பிரிவில் வருகிறது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தச் சம்பந்தம் நின்றுபோனது.

அதற்குப் பிறகு ஜோசியரிடம் போவதற்கு முன்னால் என்னிடம் வர ஆரம்பித்தார்கள். டீக்கடையில் நான் போய் நின்றால் வயசுப் பையன்கள் எழுந்து பெஞ்சை விட்டுத் தருவார்கள். அதில் எனக்குச் சந்தோஷம் இருந்தது, மறைக்க மாட்டேன். தெருவே என்னால்தான் ஒழுங்காக இருக்கிறது என்று நினைத்தேன். இப்போதும் அதில் பெரிய மாற்றமில்லை. பாரபட்சமும் கிடையாது. கோயில் கமிட்டித் தலைவர் கலியாணசுந்தரம் ஐயா வீட்டு லைனும் அந்த வாசல்களுக்குப் போய்வரும். அவர் பெரிய மனிதர், ஆயிரம் அலைச்சல். அவரைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை, நானும் சொல்லவில்லை. வேகம் குறைவாக இருக்கிறதே என்று நானே போய்ப் பெட்டியை மாற்றிக் கொடுத்தேன்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. வாசலில் எழுதியிருக்கும் பெயரை வைத்து உள்ளே இருப்பதைச் சொல்ல முடியாது. சில பெயர்கள் சமையல் குறிப்பு மாதிரி இருக்கும். திறந்தால் குடல் கலங்கும். ஒரு பையனின் வாழ்க்கையை வெறும் பெயரை வைத்து முடிவு செய்வது பாவம் இல்லையா? அதனால் சரிபார்க்க வேண்டியிருந்தது. அவசரப்படாமல், ஒவ்வொன்றையும் முழுதாகப் பார்த்துத்தான் முடிவுக்கு வருவேன். சந்தேகம் இருந்தால் மறுபடியும் பார்ப்பேன். இதற்காக நான் விட்ட தூக்கமும் கெட்ட கண்ணும் யாருக்குத் தெரியும்? ஒருவரும் நன்றி சொன்னதில்லை.

பஞ்சாட்சரம் ஐயா விஷயத்துக்கு வருகிறேன். என் ஆபீசுக்குப் பக்கத்துச் சுவர் அவர் வீடு. பட்டுத்தறி நெய்கிறவர். விடிந்தால் கோயிலில் தேவாரம் பாடுவார், வந்து தறியில் இறங்குவார். மனைவி இல்லை. ஒரே பெண், சங்கரி. அது வீட்டிலிருந்தே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை செய்கிறது. அதற்காகத்தான் லைன் வாங்கினார்கள். பெட்டியை மாட்டி, பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்தது நான். அவரிடம் இருப்பது பட்டன் போன். அதிலும் பச்சைப் பட்டனை அழுத்த ஆளைக் கூப்பிடுவார்.

சங்கரிக்கு செவிலிமேட்டில் ஆனந்தகுமார் என்கிற பையனைப் பேசி முடித்திருந்தார்கள். நல்ல இடம். பெண்ணின் முகூர்த்தப் புடவையை வெளியில் வாங்கக் கூடாது என்று அப்பாவே தறியில் ஏற்றியிருந்தார். நாள் முழுக்க அந்தச் சத்தம் சுவர் வழியாக எனக்குக் கேட்கும். அந்தச் சமயத்தில் பையனின் அம்மா தில்லையம்மாள் என் ஆபீசுக்கு வந்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. எல்லாம் முடிவாயிட்டுது. இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுக்கினு வந்துடுன்னு எங்க வீட்டுக்காரரு சொன்னாரு."

நான் கம்ப்யூட்டரைத் திறந்து பஞ்சாட்சரம் வீட்டு லைனைப் பார்த்தேன். இருந்தது. கொஞ்சநஞ்சம் இல்லை, எங்கள் தெருவிலேயே அதிகமாக இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய் சொன்னதாகிவிடும். என் தொழிலில் பொய் கிடையாது. திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. வாயால் சொன்னேன். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"யாருண்ணே பாக்குறது? அப்பனா, பொண்ணா?"

"வீட்ல ரெண்டே பேருதாம்மா. யாருன்னு என் வாயால சொல்ல மாட்டேன்" என்றேன்.

அன்று சாயங்காலமே தெரு முழுக்கப் பேச்சு. எல்லோரும் சங்கரியைத்தான் சொன்னார்கள். எப்பவும் கம்ப்யூட்டரும் கையுமாக இருக்கிற பெண், கதவைச் சாத்திக்கொண்டு இங்கிலீஷில் பேசுகிற பெண். கும்பாபிஷேகம் நெருங்கிக்கொண்டிருந்ததால் கலியாணசுந்தரம் ஐயா கோயில் மண்டபத்தில் நாலு பேரைக் கூட்டினார். பஞ்சாட்சரம் ஐயாவைக் கூப்பிட்டு விட்டார்கள். தறிக்குழியிலிருந்து எழுந்து அப்படியே வந்திருந்தார், வேட்டியில் பட்டு நூல் ஒட்டியிருந்தது. சங்கரி பின்னாலேயே வந்து வாசற்படியில் நின்றது.

"வயசுப் பொண்ணு இருக்கிற வீடு, நாங்க ஒண்ணும் சொல்றதுக்கில்ல. யாருன்னு மட்டும் தெரிஞ்சா போதும்பா" என்றார் கலியாணசுந்தரம் ஐயா.

பஞ்சாட்சரம் ஐயாவுக்கு என்ன கேட்கிறார்கள் என்றே விளங்கவில்லை. பக்கத்திலிருந்தவர் காதில் சொன்னார். அவர் முகம் செத்துப்போனது. திரும்பிப் பெண்ணைப் பார்த்தார். கூட்டமும் அந்தப் பெண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"நான்தான்பா" என்றார்.

"எதுல பாத்தீங்க?" என்று கூட்டத்தில் ஒருத்தர் கேட்டார்.

"எம்பொண்ணு கம்ப்யூட்டர்ல. அது வெளிய போன நேரம் பாத்து."

"எப்படித் தொறந்தீங்க?"

மண்டபத்துச் சுவரில் இருந்த ஸ்விட்சைப் பார்த்தார். "ஸ்விட்சு போட்டா வந்துக்கினே இருக்கும்பா."

அதை எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். "அப்பா, ஏம்ப்பா இப்படிப் பொய் சொல்றே?" என்று சங்கரி கத்தியது. "நீ வீட்டுக்குப் போம்மா" என்று மட்டும் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மேடம். செய்த தப்பைச் சபையில் ஒத்துக்கொள்கிற தைரியம் எத்தனை பேருக்கு வரும்?

கும்பாபிஷேகத்தில் அவர் பாடக் கூடாது என்று முடிவானது. பெண் பேர் தப்பித்தது என்று அவர் நினைத்திருப்பார். ஆனால் தில்லையம்மாள் தாம்பூலத் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். பொண்ணு நல்ல பொண்ணுதான், அப்படிப்பட்ட அப்பன் வீட்டில் எப்படிச் சம்பந்தம் வைக்கிறது என்றாளாம். அதிலும் நியாயம் இருக்கிறது. முகூர்த்தப் புடவை பாதியில் அப்படியே தறியில் நிற்கிறது. அவர் தறியில் இறங்குவதில்லை, பாடுவதில்லை. சுவர் வழியாக ஒரு சத்தமும் கிடையாது. வேலை செய்ய நிம்மதியாக இருக்கிறது என்றுகூடச் சொல்லலாம்.

கும்பாபிஷேகத்தன்று தேவாரத்துக்கு ஆள் இல்லை. இன்டர்நெட்டில் இல்லாத தேவாரமா என்று என் போனையே மைக் செட்டில் இணைத்துக் கொடுத்தேன். நல்ல குரல், நல்ல பதிகம். கலசத்துக்குத் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தபோது பதிகம் நின்று, ஒரு பெண் குரல் ஸ்பீக்கர் எல்லாவற்றிலும் கொஞ்சியது. "இன்னிக்கும் தனியா இருக்கீங்களா? உங்க ஊர்லயே தோழிகள் காத்துக்கிட்டிருக்காங்க." கோபுரத்துக்கு மேலே நின்ற குருக்கள் சொம்போடு அப்படியே நின்றுவிட்டார். நான் ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கினேன்.

"விளம்பரம்பா, யாருக்கு வேணா வரும்" என்றேன். சிரித்து மறந்திருப்பார்கள். சங்கரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தது.

"யாருக்கு வேணா வராதுண்ணே. அவங்கவங்க இன்னா பாக்கறாங்களோ அத்த வெச்சுதான் வரும்" என்றது. சத்தமில்லாமல்தான் சொன்னது. என் போனையே பார்த்துக்கொண்டிருந்தது.

நேராக வீட்டுக்குப் போய், அவர்கள் வைஃபை பெட்டியில் எந்தெந்தக் கருவி சேர்ந்திருக்கிறது என்று பார்த்திருக்கிறது. சங்கரியின் கம்ப்யூட்டர், சங்கரியின் போன், மூன்றாவதாக 'குமாரவேல் போன்'. அதை வைத்துத்தான் உங்களிடம் புகார் கொடுத்திருக்கிறது. பெயரை மாற்றி வைக்காதது என் தப்பு. தொழில் தெரிந்தவன் செய்யக் கூடாத தப்பு. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

இப்போது பஞ்சாட்சரம் ஐயா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் கூப்பிட்டுக் கேட்டபோதுகூட, "நான்தாம்மா பாத்தேன், எம்பொண்ண விட்டுடுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். பெண் அழுது சொல்லியும் அவர் மாறவில்லை. அவர் அல்ல என்று ஆகிவிட்டால் மறுபடியும் பெண்ணைச் சொல்வார்கள் என்று பயம். அவரே இவ்வளவு உறுதியாகச் சொல்லும்போது நான் குறுக்கே புகுந்து மறுப்பது மரியாதையா என்று யோசித்தேன். என் போனை நீங்கள் வாங்கி வைத்துவிட்டதால் மரியாதையைப் பார்த்துப் பயனில்லை.

எழுதிக்கொள்ளுங்கள். சரிபார்க்கிற வேலையை என் லைனில் செய்ய முடியாது. சென்னையில் எனக்கு லைன் கொடுப்பவன் ஒருத்தன் இருக்கிறான். அவன் என்னைப் பார்ப்பான். கண்டவன் நம்மைக் கவனிக்கிறான் என்றால் ஒரு மனுஷனுக்கு எப்படிக் கூசும், யோசித்துப் பாருங்கள். அதனால் யாரும் சந்தேகப்படாத வீடாகத் தேவைப்பட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. பாஸ்வேர்டு என் கையில் இருந்தது. தறிச் சத்தம் கேட்கும்வரை அவர் கையும் காலும் தறியில் இருக்கிறது என்று அர்த்தம்; அதைக் கேட்டுக்கொண்டே நிதானமாகப் பார்ப்பேன். பஞ்சாட்சரம் வீட்டு லைனில் பார்த்தது முழுக்க நான். தில்லையம்மாளிடம் திரையைத் திருப்பிக் காட்டியபோதும் அது எனக்குத் தெரியும். மண்டபத்தில் அவர் "நான்தான்பா" என்றபோதும் தெரியும். ஆனால் லைன் அவர் பெயரில்தானே இருந்தது. இருப்பதைத்தான் சொன்னேன்.

கையெழுத்துப் போடுகிறேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், மேடம். இதை ரைட்டர் தம்பி சத்தமாகப் படிக்க வேண்டாம். வெளியே என் மனைவியும் வந்து உட்கார்ந்திருக்கிறாள். ஒரு மனிதன் தனியாக உட்கார்ந்து எதைப் பார்க்கிறான் என்பது அவனுடைய சொந்த விஷயம், இல்லையா?